தீவாந்தரம் போன சிறுமி

'தீவாந்தர சிட்சை' என்னும் சொல்லை நம் பாட்டிமார் சொல்லும் கதைகளில் கேட்டிருப்போம். கொலைகாரனோ கொள்ளைக்காரனோ தூக்குமரத்துக்குத் தப்பினால் தீவாந்தரம் அனுப்பப்படுவான். கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு தீவு; போனவன் திரும்ப மாட்டான்; கதையும் அத்தோடு முடிந்துவிடும். அச்சொல்லைக் கேட்டவுடன் முறுக்கு மீசையும் கால்விலங்குமாக ஒரு முரடன்தான் எங்கள் மனக்கண்முன் வந்து நிற்பான். பள்ளிப் பருவத்துச் சிறுமி ஒருத்தியும் அத்தண்டனைக்கு ஆளானாள் என்று படித்தபோது எங்களால் நம்பவே முடியவில்லை. அவள் பெயர் மேரி வேட். இங்கிலாந்தின் லண்டன் மாநகரத்துப் பெண். அவள் கதையைப் படித்த நாள் முதல் எங்களுக்குள் மூண்ட வாதம் இன்னும் ஓயவில்லை. அதைத்தான் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

1788-ஆம் ஆண்டு லண்டனை நினைத்துப் பாருங்கள். குதிரை வண்டிகள் ஓடி ஓடித் தெருவெல்லாம் சேறும் சாணமும் மண்டிக் கிடக்கும். நல்ல உடை உடுத்தியவர்கள் தெருவைக் கடக்க வரும்போது, துடைப்பத்துடன் முன்னால் ஓடி வழியைப் பெருக்கிவிட்டுக் கை நீட்டுவது ஏழைப் பிள்ளைகளின் பிழைப்பு. வேலை என்று பெயர், உண்மையில் பிச்சைதான். மேரியும் அப்படித் தெருப் பெருக்கியவள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது என்போர் உண்டு, பதின்மூன்று என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நம் பள்ளியாக இருந்தால் ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அவ்வாண்டு அக்டோபரில் அவளும், ஜேன் வைட்டிங் என்ற பதினான்கு வயதுத் தோழியும், பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கண்டார்கள். அவள் பெயரும் மேரிதான். மேரி பிலிப்ஸ், வயது எட்டு. ஆசை காட்டியோ அதட்டியோ அவளை ஒரு கழிப்பிடத்துக்கு அழைத்துப் போய், அவள் உடுத்தியிருந்த பருத்தி கவுனையும், தோளில் போர்த்தியிருந்த சிறு துணியையும், தலையில் இருந்த லினன் குல்லாவையும் கழற்றிக்கொண்டார்கள். கவுன் அடகுக் கடைக்குப் போயிற்று. இன்னொரு சிறுமி சொன்ன தகவலால் அதிகாரிகள் வந்தார்கள். மேரி வேட் தங்கியிருந்த அறையில் அந்தத் தோள் துணி அகப்பட்டது.

இவ்வளவுதான் திருட்டு. ஒரு கவுன், ஒரு தோள் துணி, ஒரு குல்லா.

1789 ஜனவரி 14 அன்று 'ஓல்டு பெய்லி' நீதிமன்றத்தில் இரு சிறுமிகளும் நிறுத்தப்பட்டார்கள். தீர்ப்பு: இருவருக்கும் தூக்கு.

ஒரு கவுனுக்காகவா தூக்கு என்று கேட்கத் தோன்றும். அந்நாளைய ஆங்கிலேயச் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறை எட்டிக்கொண்டிருந்தன. கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமானப் பொருளை யாரும் அறியாமல் எடுத்தால் தூக்கு. வீட்டுக்குள் நாற்பது ஷில்லிங் திருடினால் தூக்கு. சட்டம் இப்படிக் கொடியதாக இருந்தபடியால் ஜூரிகள் ஒரு தந்திரம் செய்வார்களாம். ஐம்பது ஷில்லிங் பெறும் பொருளை முப்பத்தொன்பது என்று மதிப்பிட்டுக் குற்றவாளியின் உயிரைக் காப்பார்கள். கணக்கில் பொய், ஆனாலும் எத்தனை புண்ணியமான பொய்! மேரிக்கு அந்தத் தந்திரமும் உதவவில்லை. அவள்மேல் சாட்டப்பட்ட குற்றம் வெறும் திருட்டு அன்று. பொதுவழியில் ஒருவரை அச்சுறுத்திப் பறித்த வழிப்பறி. வழிப்பறிக்குப் பொருளின் விலை ஒரு கணக்கே இல்லை.

துணி திருடியா இத்தனை பேர் சிக்கினார்கள் என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. சிட்னிக்குச் சென்ற முதல் கப்பல் தொகுதியில் இருந்த எலிசபெத் ஹேவார்ட் என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணும் ஒரு லினன் கவுனும் பட்டுத் தொப்பியும் திருடியதற்காகவே ஏழாண்டு நாடுகடத்தப்பட்டவள். இதற்கு விடை எங்கள் தையல் வகுப்பில் கிடைத்தது. ஒரு குழந்தைச் சட்டையைக் கையாலேயே தைத்து முடிக்க எங்களுக்கு எத்தனை வாரம் ஆயிற்று! அன்று தையல் இயந்திரம் இல்லை. ஒவ்வொரு தையலும் கைத் தையல். ஆகையால் பழந்துணிக்கும் நல்ல விலை இருந்தது. அடகுக் கடைக்காரர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். ஏழை வீட்டில் உடனே காசாக மாற்றக்கூடிய சொத்து உடம்பின்மேல் கிடந்த துணி ஒன்றுதான். மேரி பிலிப்ஸின் கவுனும் யாரோ ஒரு தாய் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து தைத்ததாகவே இருந்திருக்கும்.

எங்கள் வாதம் தொடங்கியது இங்கேதான்.

எங்களில் பாதிப் பேர் மேரி வேட் கட்சி. பசி, குளிர், தெருவாழ்க்கை என்று அடுக்கினார்கள். அரசாங்கம் அவளுக்குச் சோறு போட்டதா, எழுத்துச் சொல்லிக் கொடுத்ததா, கயிறு ஒன்றைத் தவிர வேறு என்ன கொடுத்தது என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க எங்களுக்கும் கண்ணீர் வந்தது. அப்போது மறு கட்சி ஒரு செய்தியை எடுத்து வைத்தது. பிடிபட்ட பின் மேரி பேசியதாக ஓர் அதிகாரி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தையைக் கழிப்பிடக் குழிக்குள் தள்ளிவிட நினைத்தேன், தள்ளியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் அவள் பேசினாளாம். இது விசாரணைக் குறிப்பில் அச்சாகி இருக்கிறது. வகுப்பு சற்று நேரம் மௌனமாயிற்று. அச்சத்தில் உளறினாளோ, வீறாப்பில் சொன்னாளோ, அதிகாரிதான் கூட்டிச் சொன்னாரோ என்று சமாதானம் தேடினோம். எந்தச் சமாதானமும் மனத்துக்கு ஒட்டவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம். பத்தாம் ஸ்தலத்தில் ஆண்டவருடைய உடைகளை உரிகிறார்கள். அவ்விடத்தில் முழந்தாளிடும்போது எங்களில் ஒருத்திக்கு அந்த எட்டு வயதுக் குழந்தை நினைவுக்கு வந்துவிட்டதாம். வெளியே வந்ததும் எங்களிடம் சொன்னாள். அதன் பின் எங்களில் எவராலும் மேரி பிலிப்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு இக்கதையைப் பேச முடியவில்லை. அக்டோபர் மாதத்துக் குளிரில் வெற்றுடம்போடு அவள் வீடு வரை எப்படிப் போனாள்? பாட்டில் என்னவாயிற்று? தாய் அடித்தாளா, அணைத்தாளா? மேரி வேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இவளுக்கு ஒரு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. எங்களுக்கு இதில் வருத்தம்தான். அவளும் ஏழைதான், அவளும் மேரிதான்.

இனித் தூக்குமரத்திலிருந்து மேரி வேட் எப்படித் தப்பினாள் என்பதைச் சொல்ல வேண்டும். சட்டம் இரங்கித் தப்பினாள் என்று எண்ண வேண்டாம். அவள் திருடிய அதே 1788 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மன்னரால் ஆள முடியவில்லை. நாடே திகைத்து நின்றது. 1789 மார்ச் மாதத்தில் மன்னர் குணமடைந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். மணிகள் ஒலித்தன, விளக்கு அலங்காரங்கள் நடந்தன. அந்த மகிழ்ச்சியில் லண்டனில் தூக்குக்குக் காத்திருந்த பெண்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. தூக்குக்குப் பதிலாகக் கடல் கடந்து நாடுகடத்தல். மன்னரின் நோய் இன்னும் சில மாதம் நீடித்திருந்தால் மேரியின் கதி என்னவாகியிருக்கும்?

இதில் எங்களை மிகவும் திகைக்க வைத்த ஒன்று உண்டு. இந்தச் சலுகையைச் சில பெண்கள் முதலில் மறுத்துவிட்டார்கள்! ஊர் பேர் தெரியாத நாட்டுக்குப் போவதைவிடத் தூக்கே மேல் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். நீதிபதிகளுக்குக் கோபம் வந்தது. இருட்டறையில் போட்டு மனம் மாற்ற வேண்டியதாயிற்று. மேரி மறுக்கவில்லை. நியூகேட் சிறையில் தொண்ணூறு நாட்களுக்கு மேல் இருந்துவிட்டு 'லேடி ஜூலியானா' என்ற கப்பலில் ஏறினாள்.

முன்பெல்லாம் ஆங்கிலேயர் தம் கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி வந்தார்கள். அமெரிக்கர் விடுதலைப் போர் தொடுத்த பின் அந்தக் கதவு அடைபட்டது. சிறைகள் நிரம்பின, ஆற்றில் நின்ற பழைய கப்பல்களின் உடல்களும் நிரம்பின. பிறகுதான் ஆஸ்திரேலியா அவர்கள் கண்ணில் பட்டது. 1787-இல் புறப்பட்ட பதினொரு கப்பல்கள் 1788 ஜனவரி 26 அன்று சிட்னி துறையில் கொடி நாட்டின. அதுமுதல் 1868 வரை ஏறக்குறைய 1,62,000 கைதிகள் அங்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள்.

அதே காலத்தில் கும்பினியார் நம் மதராஸ் ராஜதானியிலிருந்தும் கைதிகளைப் பினாங்கு முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றினார்கள். பாட்டிமார் கதைகளில் வரும் தீவாந்தரம் அதுதான். அந்தமான் அதற்குப் பின்னால் வந்தது. சிங்கப்பூரில் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித அந்திரேயா பேராலயத்தை இந்தியக் கைதிகளே கட்டினார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த 'மதராஸ் சுண்ணம்' பூசித்தான் அதன் சுவர்கள் அப்படி மெருகேறினவாம். கட்டியவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

மேரியின் கப்பலுக்கு வருவோம். 'லேடி ஜூலியானா'வில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகள் இருந்தார்கள். அக்கப்பலில் பணி செய்த ஜான் நிக்கல் என்ற மாலுமி முதுமையில் தன் வாழ்க்கையைச் சொல்ல, அது 1822-இல் நூலாயிற்று. கப்பல் தேம்ஸ் ஆற்றை விட்டுக் கிளம்பும் முன்பே இறந்துபோன ஒரு ஸ்காட்லாந்துச் சிறுபெண்ணை அவர் மறக்கவில்லை. அவள் யாரோடும் பேசவில்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை, மனமுடைந்தே மாண்டாள் என்று அவர் சொல்கிறார்.

1789 ஜூலை இறுதியில் கிளம்பிய கப்பல் தெனரீப், கேப் வெர்டே தீவுகள், ரியோ டி ஜெனிரோ, நன்னம்பிக்கை முனை என்று நின்று நின்று, 1790 ஜூன் 3 அன்றுதான் சிட்னியை அடைந்தது. பத்து மாதத்துக்கு மேல்! அவ்வளவு மெதுவாகப் போனதே ஒருவகையில் நன்மையாயிற்று. துறைமுகங்களில் புதிய உணவு கிடைத்தது; இறந்தவர்கள் மிகச் சிலரே. அதே தொகுதியில் பின்னால் வந்த மூன்று கப்பல்களில் ஏற்றிய சுமார் ஆயிரம் கைதிகளுள் நாலில் ஒரு பங்கினர் கடலிலேயே மாண்டார்கள். அக்கப்பல்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றும்போதே கூலி பேசப்பட்டிருந்தது. உயிரோடு இறக்கினாலும் பிணமாக எறிந்தாலும் கூலி ஒன்றே. கவுன் திருடிய குழந்தைக்குத் தூக்கு விதித்த நாட்டில், இந்தக் கப்பல்காரர்களுள் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. எங்கள் இரு கட்சியாரும் ஒன்றாகக் கொதித்தெழுந்தது இந்த ஓரிடத்தில்தான்.

சிட்னியிலோ அப்போது பஞ்சம். உணவேற்றி வந்த கப்பல் வழியில் பனிப்பாறையில் மோதிவிட்டது. இன்னொரு கப்பல் நார்போக் தீவருகே உடைந்தது. பங்கீட்டைக் குறைத்துக் குறைத்து அரைவயிறாகக் கிடந்த குடியேற்றத்தார், அடிவானத்தில் பாய்மரத்தைக் கண்டு ஆனந்தக் கூத்தாடினார்கள். வந்ததோ மாவு மூட்டைகள் அல்ல, பெண்கள். உதவாத சரக்கு என்று ஓர் உயர் அதிகாரி முகம் சுளித்து எழுதி வைத்திருக்கிறார். பத்து மாதம் கடலில் வந்த சிறுமிக்குக் கிடைத்த வரவேற்பு அது!

அங்கும் அவளை நிலைக்க விடவில்லை. சில வாரங்களில் மறுபடியும் கப்பலேற்றி, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள நார்போக் தீவுக்கு அனுப்பினார்கள். அங்குள்ளவர்கள் அவள் வருவதற்குச் சற்று முன்னர்தான், மலைமேல் கூடு கட்ட வந்த கடற்பறவைகளைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துத் தின்று உயிர் பிழைத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அப்பறவையே அத்தீவில் அற்றுப்போயிற்று.

நார்போக்கில் மேரி மிக இளம் வயதிலேயே தாயானாள். அதைப் பற்றி விரித்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. காவலரும் கைதிகளும் நிறைந்த ஒரு தீவில் காப்பார் இல்லாத சிறுபெண்ணின் நிலை பெரியவர்களுக்குப் புரியும். பிற்பாடு சிட்னிக்குத் திரும்பி அயர்லாந்துக்காரர் ஒருவரோடு குடும்பம் நடத்தினாள். அவர் 1806-இல் திமிங்கில வேட்டைக்குப் போனவர், திரும்பவில்லை. 1809 முதல் ஜோனத்தன் புரூக்கர் என்பவரோடு வாழ்ந்தாள். 1812-இல் அவளுக்கு விடுதலைப் பத்திரம் கிடைத்தது. நிலம் வாங்கிப் பயிர் செய்தார்கள். 1823-இல் காட்டுத் தீ வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அவள் பெற்ற பிள்ளைகள் இருபத்தொருவர். அவர்களுள் எழுவர்தான் வளர்ந்து தமக்கும் பிள்ளைகளைக் கண்டவர்கள். ஏனையோரை எத்தனை முறை மண்ணுக்குக் கொடுத்தாளோ! 1859 டிசம்பர் 17 அன்று, எண்பதைத் தாண்டிய முதியவளாக, உல்லங்காங் பக்கத்தில் கண்மூடினாள். அப்போது அவள் வழித்தோன்றல்கள் முந்நூறுக்கு மேல்.

அவள் உழுத நிலமும் வெற்று நிலம் அன்று என்பதை எங்கள் தோழி ஒருத்தி நினைவூட்டினாள். தாராவல் என்னும் பூர்வகுடியினர் கப்பல்கள் வருமுன் எண்ணிலாத் தலைமுறைகளாக வாழ்ந்த பூமி அது. தெருவிலிருந்து துரத்தப்பட்டவளின் குடிசைக்காக வேறொருவர் துரத்தப்பட்டார்கள். இதைச் சொன்னதும் வாதம் மூன்று கட்சியாயிற்று!

ஆஸ்திரேலியர் பலர் ஒரு காலத்தில் கைதி மரபை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். இப்போது பெருமையோடு தேடி எடுக்கிறார்கள். மேரியின் வழியில் வந்தவர்களுள் ஒருவர் கெவின் ரட்; 2007-இல் அந்நாட்டின் பிரதமரானவர். 2008 பிப்ரவரி 13 அன்று அவர் பாராளுமன்றத்தில் எழுந்து, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளிடம் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2009 நவம்பர் 16 அன்று இன்னொரு மன்னிப்பு. இது இல்லங்களில் வளர்ந்து துன்புற்றவர்களிடமும், பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஏழைப் பிள்ளைகளிடமும். அவர்கள் கைதிகள் அல்லர், எதையும் திருடவில்லை. இருபதாம் நூற்றாண்டில், நம் பாட்டிமார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கப்பலேறியவர்கள். தாய் தந்தையர் இறந்துவிட்டார்கள் என்று பலரிடம் சொல்லியிருந்தார்கள். பலருடைய தாய்மார் உயிரோடுதான் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்ட இல்லங்களுள் நம் திருச்சபையைச் சேர்ந்தவையும் உண்டு. இதை எழுதலாமா என்று எங்கள் ஆசிரியையைக் கேட்டோம். உண்மையானால் எழுதுங்கள் என்றார்கள்.

நவம்பர் மாதம் வந்தால் மரித்தோருக்காக நம் ஆலயத்தில் பெயர்கள் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பெயர்களைச் சேர்த்தோம். அவர்கள் நம் மறையைச் சேர்ந்தவர்கள் அல்லரே என்று சிலர் தயங்கினார்கள்; அதனால் என்ன என்று மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்பதில் மறுபடியும் சச்சரவு. கடைசியில் வயதில் சிறியவள் முதலில் என்று முடிவாயிற்று. மேரி பிலிப்ஸ், மேரி வேட், ஜேன் வைட்டிங். சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர், மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, "இவர்கள் எந்தப் பங்கு?" என்று கேட்டார்கள். லண்டன், சிஸ்டர் என்றோம்.